பேரலை மாற்றினால் துப்பாக்கியே மாறிவிடுகிறது

"ஒரே நிமிஷத்தில் பேரலைக் கழற்றி வேற பேரல் மாட்டிடலாம்." திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் வித்வன்சக் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்த வரி எப்படியும் வந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்தோடு இருந்த உறவு லஞ்சப் புகாரில் 2005-இல் முறிந்தது. அதன்பின் அவர்களுடைய என்.டி.டபிள்யூ.-20 துப்பாக்கியின் சாயலில் திருச்சியிலேயே உருவாக்கியதுதான் வித்வன்சக். சுமார் 25 கிலோ எடை. 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று விட்டங்களில் சுடும். ஆளைக் குறிவைப்பதைவிட வாகனம், ரேடார், பதுங்குகுழி போன்றவற்றைத் துளைப்பதற்கான கருவி. நம்ம ஊரில் செய்ததென்று பெருமைப்படுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஒரு நிமிஷ வரியில் விட்டுப்போகிற பாதியோடுதான் சண்டை.

அந்த ஒரு நிமிஷத்தில் பேரல் மட்டும் மாறுவதில்லை. போல்ட் மாறுகிறது, மேகசின் மாறுகிறது, கூடவே ஸ்கோப்பும் மாறுகிறது. ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி ஸ்கோப். ஏன் என்று யாராவது கேட்டார்களா? புதுப் பேரலின் குறி பழைய பேரலின் குறியாக இருக்காது என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். மூன்று துப்பாக்கிகள் ஒரே கட்டையையும் ஒரே காலையும் பங்குபோட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். செய்தவர்கள் அடக்கமாகச் சொன்னதை விற்பவர்களும் ரசிகர்களும் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். "பேரலை மாத்து, குறி அப்படியே நிக்கும்" என்கிற நம்பிக்கை அங்கிருந்து கிளம்பி, விளையாட்டுத் துப்பாக்கிக்காரர்களிடம் வந்து, கடைசியில் ஒரு பதினோராம் வகுப்புப் பெண்ணின் தலையில் வந்து விடிகிறது. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குழப்பத்தைப் பிரித்துக்கொள்வோம். பேரலை மாற்றுவது பற்றி மூன்று கேள்விகள் உண்டு. மாட்டியபின் துப்பாக்கி பத்திரமாக வெடிக்குமா? கழற்றிய அதே பேரலைத் திரும்ப மாட்டினால் குறி பழைய இடத்துக்கே வருமா? வேறொரு பேரலை மாட்டினால் அதுவும் அதே இடத்தில் அடிக்குமா? முதல் கேள்விக்கு இன்றைய கடைசல் இயந்திரங்கள் நல்ல பதில் வைத்திருக்கின்றன. இரண்டாவதற்குச் சில தயாரிப்புகளில், சில நிபந்தனைகளோடு, 'ஏறக்குறைய ஆமாம்' என்று சொல்லலாம். மூன்றாவதற்கு 'இல்லை' என்பதுதான் பதில். விற்பனைத் தாள்களில் இந்த மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

இந்த ஒளிப்பு பழசு. 1801-இல் எலி விட்னி வாஷிங்டனில் ஒரே மஸ்கெட்டில் பல 'லாக்'குகளை மாற்றி மாற்றி மாட்டிக் காட்டினார், ஒன்றுபோல் செய்த உதிரி பாகங்கள் என்ற யுகமே பிறந்தது என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்போம். பின்னாளில் அவருடைய மஸ்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்த வரலாற்றாளர்கள், ஒன்றின் பாகம் இன்னொன்றில் சரியாக உட்காரவில்லை என்றும், எது எதோடு சேரும் என்று பாகங்களில் தனித்தனியே அடையாளம் வெட்டியிருந்தது என்றும் எழுதினார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர் மாற்றிக் காட்டியது பொறி தட்டும் பாகத்தை. பேரலைத் தொடவில்லை. மாட்டினால் பொருந்துகிறதா என்பதுதான் அன்றைய பரீட்சை. எங்கே படுகிறது என்று எவரும் கேட்கவில்லை.

எங்கே படுகிறது என்று கேட்டால் கணக்கு வேறு. துப்பாக்கிக்காரர்கள் எம்.ஓ.ஏ. என்று ஒரு கோண அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டர் தூரத்தில் அது 29 மி.மீ. பேரலின் அடி ரிசீவரின் முகத்தில் உட்காரும் வட்டம் 25 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தின் ஒரு ஓரத்தில் 7 மைக்ரான் தடிமனில் ஏதோ ஒன்று சிக்கினால் பேரல் ஒரு எம்.ஓ.ஏ. சாய்ந்துவிடும். ஸ்கோப் ரிசீவரின் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும், பேரல் மட்டும் வேறு திசை பார்க்கும். இது எளிமைப்படுத்திய கணக்கு. மரைகளும் பிடியும் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். ஆனாலும் அளவின் தரம் இதுதான். 7 மைக்ரான் என்பது தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்வதானால், மெல்லிய ரக அலுமினியப் பவுடரில் ஒரே ஒரு துகள். வேலை முடிந்து பஸ்ஸில் வரும் பெண்களின் புருவத்தில் வெள்ளியாக மின்னுமே, அதில் ஒன்று.

நான் வளர்ந்தது பட்டாசு ஆலைகளுக்கு நடுவில் என்றாலும் வீட்டுச் சோறு அச்சகத்தில் இருந்து வந்தது. அப்பா சிவகாசியில் ஆப்செட் மெஷின் மேன். காலண்டர் சீசனில் அவரைப் பார்ப்பதே அரிது. விடுமுறையில் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நிற்கும்போது பார்த்திருக்கிறேன். பிளேட் மாற்றியதும் நாலு கலரும் தனித்தனியே அலையும். முருகனுக்கு இரண்டு ஜோடி உதடு இருக்கும், வேல் ஒரு பக்கமும் வேலின் நீலம் ஒரு பக்கமும் நிற்கும். அப்பா லென்ஸை வைத்து மூலைக் குறிகளைப் பார்ப்பார், திருகுவார், பத்து ஷீட் ஓட்டுவார், திரும்பப் பார்ப்பார். வேஸ்ட் ஷீட் அடுக்கு வளர்ந்துகொண்டே போகும். அதே படத்துக்கு, அதே பிலிமில் போட்ட, புத்தம்புதுப் பிளேட்தான். ஆனாலும் ரிஜிஸ்டரை முதலிலிருந்து பார்த்தாக வேண்டும். ஒருதடவை 'அதே பிளேட்தானேப்பா' என்று கேட்டேன். "பிளேட்ட மாத்திட்டு பழைய நெனப்புல ஓட்டக்கூடாதுய்யா, ஐயாயிரம் ஷீட்டும் குப்பைக்குப் போயிரும்" என்றார். பொறியியல் கல்லூரியில் நாலு வருஷம் 'இன்டர்சேஞ்சபிலிட்டி' படித்தேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு நிகராக எதுவும் மனதில் நிற்கவில்லை.

இப்போது அந்தப் பெண்ணின் கதை. தென்மாவட்டம் ஒன்றின் துப்பாக்கிக் கிளப்பில், மின்னணு இலக்குகளின் கணினியைப் பார்த்துக்கொள்வதற்காக வார இறுதிகளில் போய்க்கொண்டிருந்தேன். நானும் சுடுவேன், சுமாராக. அவள் 50 மீட்டர், படுத்துச் சுடும் பிரிவு. கிளப்புக்குச் சொந்தமான பழைய பாயின்ட் டூ டூ துப்பாக்கி. சொந்தமாக ஒன்று வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான். அதன் பேரல் தேய்ந்துவிட்டதென்று இன்னொரு பேரலை மாட்டினார்கள், தேர்வுப் போட்டிக்கு ஆறு நாள் முன்னால். பிளவுபட்ட பிடியில் பேரலை நுழைத்து இரண்டு திருகுகளால் இறுக்கும் வகை. மாட்டியவர் கை அளவில் இறுக்கினார். டார்க் ரென்ச் அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி வேறொருவரிடம் இருந்தது. ஐந்து குண்டு போட்டுப் பார்த்தார், ஒட்டி ஒட்டி விழுந்தது. "பக்கா" என்றார்.

போட்டியில் முதல் 20 குண்டுகள் நன்றாகப் போயின. அதன்பின் குரூப் மெதுவாக வலது மேல் மூலைக்கு ஏற ஆரம்பித்தது. அவள் க்ளிக் போட்டுத் திருத்துவாள், கொஞ்சம் சரியாகும், திரும்ப ஏறும். 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. அரை எம்.ஓ.ஏ. என்றாலே 7 மி.மீ. விலகல், அதாவது கிட்டத்தட்ட ஒரு வளையம். அவள் தேர்வாகவில்லை. பயிற்சியாளர் மோசமான மனிதர் அல்ல. ஆனால் அவர் சொன்னது: "மூச்சு சரியில்லம்மா, பதறிட்ட. உன் தப்புதான்." அவள் தலையாட்டினாள். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் அவளுடைய அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இலக்கின் கணினியில் ஒவ்வொரு குண்டின் எக்ஸ், ஒய் ஆயமும் பதிவாகும். எந்தக் குண்டுக்குப் பிறகு எத்தனை க்ளிக் என்று அவளுடைய நோட்டில் இருந்தது. அந்த ஒழுக்கம் அவளிடம் இருந்தது. அன்று ராத்திரி க்ளிக்குகளைக் கழித்துவிட்டு வரைந்து பார்த்தேன். முதல் 20 குண்டுகளின் நடுப்புள்ளிக்கும் கடைசி 20-இன் நடுப்புள்ளிக்கும் இடையே 9 மி.மீ. பதறுகிறவருக்கு எல்லாப் பக்கமும் சிதறும். இங்கே சிதறல் அப்படியே இருக்க, முழுக் குரூப்பும் ஒரே திசையில் நடந்துபோயிருந்தது. மறுவாரம் டார்க் ரென்ச்சை எடுத்துப் பார்த்தோம். ஒரு திருகு சரியாக இருந்தது, இன்னொன்று விரலாலேயே அசைந்தது. வரைபடத்தைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். "சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். பதினோராம் வகுப்புக்கு அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

என் கோபம் இங்கேதான். 'மாட்டினால் போதும்' என்ற நம்பிக்கை ஒரு இயந்திரக் கருத்தாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பேரல் மாறவே இல்லை என்று முடிவு செய்துவிட்டால், விலகிய குண்டுக்கு ஒரே காரணம்தான் மிஞ்சும்: சுட்டவர். இது கிளப்போடு முடிகிற வழக்கமும் இல்லை. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டலில் லீவர் உடைந்தது. அதைச் சரிசெய்து திரும்பி வந்தபோது 44 குண்டுகளுக்கு மிஞ்சியது 36 நிமிடம். 575 புள்ளிகள், இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று போனது. அப்போதும் இங்கே பலர் அவருடைய மனவலிமையைத்தான் விசாரித்தார்கள். 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியதும் அந்த நீதிபதிகள் காணாமல் போனார்கள்.

அந்த "பக்கா"வுக்கு வருகிறேன். ஐந்து குண்டு போட்டுப் பார்த்து, சில சமயம் மூன்றே குண்டு போட்டுப் பார்த்து, பேரல் தேறிவிட்டது என்று சொல்லும் பழக்கத்தை மூடநம்பிக்கை என்றுதான் சொல்வேன். பைத்தானில் பத்து வரி எழுதத் தெரிந்த எவரும் இதைச் சரிபார்க்கலாம். ஒரு துப்பாக்கி ஐந்து குண்டுக் குரூப்பில் சராசரியாக ஒரு எம்.ஓ.ஏ. தருகிறது என்று கொள்வோம். அதே துப்பாக்கி மூன்று குண்டில் சராசரியாக 0.8 எம்.ஓ.ஏ. காட்டும், பத்து குண்டில் 1.24 காட்டும். குண்டைக் குறைத்தால் துப்பாக்கி அழகாகத் தெரியும்! விளம்பரங்களில் மூன்று குண்டுப் படங்களே ஏன் இருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இன்னும் மோசமானது இது. அந்தத் துப்பாக்கியில் எதையுமே கழற்றாமல், மூன்று குண்டு சுட்டு, டீ குடித்துவிட்டு வந்து, இன்னொரு மூன்று சுட்டால், இரண்டு குரூப்பின் நடுப்புள்ளிகளும் 100 மீட்டரில் சராசரியாக ஒரு செ.மீ. தள்ளி நிற்கும். வெறும் சிதறல்தான் காரணம். ஆகவே பேரலை மாற்றி மூன்று குண்டு சுட்டு "குறி நகரவே இல்லை" என்பவருக்கும் ஒன்றும் தெரியாது, "நகர்ந்துவிட்டது" என்று பதறி ஸ்கோப்பைத் திருகுபவருக்கும் ஒன்றும் தெரியாது. இருபது இருபதாகச் சுட்டால் அந்த விலகல் 4 மி.மீ.க்குள் அடங்கும். அப்போதுதான் பேசவே உரிமை வருகிறது. இருபது குண்டுக்குக் காசாகும் என்பார்கள். ஆகும்தான். அந்தக் காசைக் கிளப் செலவழிக்காவிட்டால் போட்டியில் பிள்ளை செலவழிக்கும்.

குறி மட்டும் நேரானால் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஒரே தொழிற்சாலையில், ஒரே கருவியால் அறை வெட்டிய இரண்டு பேரல்களில் ஒரே தோட்டா வேறு வேறு வேகத்தில் போகும். நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் என்றால் 100 மீட்டரில் கண்ணுக்கே தெரியாது. 1000 மீட்டரில், சாதாரண .308 தோட்டாவுக்கு, குண்டு விழும் இடம் முப்பது செ.மீ. அளவுக்கு மாறிவிடும். ஸ்னைப்பர் ஒருவர் பழைய பேரலுக்கு எழுதிய தூர அட்டவணையை வைத்துக்கொண்டு புதுப் பேரலில் சுட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். பாயின்ட் டூ டூவில் இன்னொரு தொல்லை: எந்த லாட் தோட்டா எந்தப் பேரலுக்கு ஒத்துவரும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரிய வீரர்கள் பிரிட்டனின் ஈலி, பின்லாந்தின் லாபுவா போன்ற நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்குத் தங்கள் துப்பாக்கியோடு போய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, ஒத்து வந்த லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். பேரல் மாறினால் அந்த இருப்பும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

எதிர்த்தரப்புக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பேரல் தேயும் பொருள். வேகமான சில தோட்டாக்களில் இரண்டாயிரம் குண்டுகளிலேயே தொண்டை எரிந்துபோகும், மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவதை எளிதாக்கிய பொறியாளர்களைக் கும்பிடத்தான் வேண்டும். ஜெர்மனியின் பிளேசர் ஆர்-8-இல் ஸ்கோப் பேரலின் மேலேயே உட்காருகிறது. பேரல் சாய்ந்தால் ஸ்கோப்பும் கூடவே சாயும், அதனால் கழற்றி மாட்டினாலும் குறி நெருக்கமாகவே திரும்பி வரும். இது வித்தை இல்லை, நேர்மையான சிந்தனை: பேரலும் கண்ணும் ஒரே அலகு என்று ஒப்புக்கொள்வது. வித்வன்சக்கும் வேறு வழியில் அதைத்தான் ஒப்புக்கொள்கிறது. நம் சட்டத்துக்குக்கூட இது தெரிந்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 'துப்பாக்கி' என்பதற்குத் தரும் வரையறையில் துப்பாக்கியின் பாகங்களும் அடக்கம். தனிப் பேரலை உதிரி பாகம்தானே என்று பையில் போட்டுக்கொண்டு அலைய முடியாது. சட்டத்துக்கு அது இன்னொரு துப்பாக்கி. குறி பார்ப்பவருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த நோயைப் பரப்பியதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. மென்பொருளில் ஒரு மாட்யூலைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகுவோம். இடைமுகம் ஒத்துப்போனால் உள்ளே எது ஓடினாலும் கவலை இல்லை என்று இருபத்திரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கேயே அது முழு உண்மை இல்லை, நள்ளிரவில் எழுப்பப்பட்டவர்களுக்குத் தெரியும். இரும்பில் அது பொய். இரும்பில் இடைமுகம் என்பது திருகின் இறுக்கம், வெப்பம், துகள், மாட்டியவரின் அவசரம் எல்லாம் சேர்ந்தது.

எங்கள் மாவட்டத்துக்கே இந்தப் பேச்சு ஒருமுறை வந்தது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. தடையின் நியாயத்தைப் பற்றி நான் இங்கே வாதாடவில்லை. ஆனால் அதையொட்டி வெளியூர்க்காரர்கள் பேசிய விதம் நினைவிருக்கிறது: "ஒரு கெமிக்கல எடுத்துட்டு வேற ஒண்ணப் போடுங்க, என்ன இப்போ?" பேரியம் நைட்ரேட் பச்சை நிறம் தருவது, எரிவதற்கு ஆக்சிஜனும் தருவது. அதை எடுத்தால் எரியும் வேகம் மாறும். அதன் இடத்தில் ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட் போட்டால் ஈரத்தை அதிகம் இழுக்கும். மருந்தின் ஒவ்வொரு கலவையையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும், அதுவும் துப்பாக்கியைப் போல 50 மீட்டர் தள்ளி நின்று சோதிக்கிற காரியம் இல்லை. கையால் கலக்குகிறவர் அதன் மேல் குனிந்துகொண்டிருப்பார். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு அது தெரியும். வரைபடத்தை அவரிடமும் காட்டினேன். எக்ஸ், ஒய் எல்லாம் அவர் பார்க்கவில்லை. "புதுசா மாட்டுனத ஓட்டிப் பாக்காமலா சார் புள்ள கையில குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

கிளப்பில் நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு இருபது ரூபாய் நோட்டு. எந்தத் தேதியில் மாட்டியது, யார் மாட்டியது, எந்த அளவில் திருகியது, எந்த லாட் தோட்டா, இருபது குண்டின் நடுப்புள்ளி எங்கே. போட்டிக்கு இரண்டு வாரத்துக்குள் பேரலைத் தொடக்கூடாது. டார்க் ரென்ச் அலமாரிக்கு வெளியே ஆணியில் தொங்க வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். ரென்ச் இப்போது ஆணியில்தான் தொங்குகிறது. நோட்டும் வாங்கினார்கள். போன மாதம் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டிருந்தது. பேரல் அதற்குள் இன்னொரு தடவை மாறியிருந்தது.